உப்பும் வெல்லமும் சேருமிடம்

கத்திரி வெயில் காலத்துப் பிற்பகலில் ஆரணியின் தறிவீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். குழிக்குள் தொங்கும் கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. கை ஓயாமல் நாடாவை ஓட்டுகிறது. முதுகில் வியர்வை வழிகிறது. இரண்டு மணிக்குத் தறியை விட்டு எழுந்து வருகிறவர் ஒரு செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கிறார். வயிறு தளும்புகிறது. கொஞ்ச நேரத்தில் பாதி சிறுநீராகப் போய்விடுகிறது. அசதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதே ஆளுக்கு உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் கொடுத்தால் முகம் தெளிகிறது. பெட்டிக்கடைக் கலர் குடித்தாலோ கொஞ்ச நேரத்தில் நாக்கு மறுபடி தண்ணீர் கேட்கிறது.

மூன்றிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்படியிருக்க, உடம்பு மூன்றையும் ஏன் மூன்று விதமாக நடத்துகிறது? இதற்கான விடை தெரிந்தால், வீட்டில் என்ன பானம் கலப்பது, எதை எவ்வளவு போடுவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

குடித்த நீர் இரைப்பையில் அதிக நேரம் தங்குவதில்லை. அது உடம்புக்குள் நுழையும் இடம் சிறுகுடல். நாளொன்றுக்கு உணவும் குடிநீருமாக சுமார் 2 லிட்டர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே சுமார் 7 லிட்டரைக் குடலுக்குள் சுரக்கிறது. இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. மீதி முழுவதையும் குடல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. நாள்தோறும் சத்தமில்லாமல் நடக்கும் பெரிய வேலை இது. வயிற்றுப்போக்கு வரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

இவ்வளவு நீரை இழுக்கும் குடலில் தண்ணீரையே பிடித்து உள்ளே தள்ளும் பம்ப் எதுவும் கிடையாது. கரைபொருள் எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கம் தானே நகரும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் நீர் விட்டுக்கொள்கிறதே, அதே விதிதான். பள்ளிப் பாடநூல் இதைச் சவ்வூடு பரவல் என்கிறது. ஆகவே தண்ணீரை உள்ளே கொண்டுபோக உடம்புக்குத் தெரிந்த முக்கிய வழி இதுதான்: முதலில் உப்பையும் சர்க்கரையையும் குடற்சுவர் வழியாக உள்ளே எடுப்பது. தண்ணீர் பின்னாலேயே வந்துவிடும்.

அடுத்த கேள்வி, உப்பும் சர்க்கரையும் எப்படி உள்ளே போகின்றன என்பது. தனித்தனியாகத்தான் போகின்றன என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன், ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கின் குடல் துண்டுகளைக் கரைசலில் இட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். கரைசலில் சோடியம் இருந்தால் குடல் குளுக்கோசை வேகமாக உறிஞ்சியது. சோடியத்தை எடுத்துவிட்டால் உறிஞ்சுவது கிட்டத்தட்ட நின்றுபோனது. சாதாரண உப்பின் ஒரு பாதிதான் சோடியம். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் கிரேன் தன் கருத்தை முன்வைத்தார்: குடற்சுவரில் உள்ள ஒரே கடத்தி சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகிறது. இதைக் கூட்டுக் கடத்தல் என்று சொல்லலாம்.

உடல் நிறத்திலிருந்து வேறு நிறத்தில் கரை வைத்து நெய்யும் கோர்வைச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் உடலுக்கு நாடா ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாள் கரைக்கு நாடா போட வேண்டும். நெய்கிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராயிருந்தாலும் அந்த உதவியாள் எழுந்து போய்விட்டால் சேலை ஓரங்குலமும் நகராது. குடலின் இந்தக் கடத்தியும் அப்படித்தான். இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோசும் வந்து அமர்ந்தால்தான் அது இயங்கும். அந்த மூன்றும் உள்ளே போன பிறகு, அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் போகும்.

ஒரு கருத்து அழகாயிருக்கிறது என்பதாலேயே அறிவியலில் அது நின்றுவிடாது. கிரேன் சொன்ன கடத்தியை யாராவது கண்டுபிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1987-ல் எர்னஸ்ட் ரைட் குழுவினர் அதைச் செய்தார்கள். முயலின் குடற்செல்களிலிருந்து புரதம் செய்வதற்கான மரபணுச் செய்திகளை எடுத்துத் தவளை முட்டைக்குள் செலுத்தினார்கள். சோடியத்தோடு சேர்த்துக் குளுக்கோசை இழுக்கும் திறமை தவளை முட்டைக்கு இயல்பாகப் பெரிதாகக் கிடையாது. செய்தி உள்ளே போனதும் அது இழுக்கத் தொடங்கியது. எந்தச் செய்தி இந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பிரித்துத் தேடி, கடைசியில் அந்த ஒற்றைப் புரதத்தின் மரபணுவைப் பிடித்துவிட்டார்கள்.

இதைவிட உருக்கமான சான்று ஒன்றும் உண்டு. மிக அரிதாகச் சில குழந்தைகள் இந்தக் கடத்தி பழுதான நிலையில் பிறக்கின்றன. தாய்ப்பால் குடித்த சில நாட்களிலேயே அவற்றுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும். பாலின் சர்க்கரை உடைந்து வரும் குளுக்கோசும் காலக்டோசும் உள்ளே போக வழியில்லாமல் குடலிலேயே தேங்கி, தண்ணீரையும் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். அந்தச் சர்க்கரைகளை நிறுத்தி, வேறு கடத்தி வழியாகப் போகும் ஃபிரக்டோசைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நின்றுவிடுகிறது. ஒரே ஒரு புரதம் இல்லாமற்போனால் குடல் என்ன பாடுபடும் என்பதை அந்தப் பிஞ்சு உயிர்கள் காட்டின. அந்த மரபணுவின் பிழை 1991-ல் அடையாளம் காணப்பட்டது.

இந்த அறிவு ஆய்வகத்தை விட்டு மக்களிடம் வந்த கதையை ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த இலட்சக்கணக்கான அகதிகளிடையே காலரா பரவியது. காலரா நச்சு குடலை நீரைக் கொட்டவைக்கும். ஆனால் கூட்டுக் கடத்தியை அது தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் அந்த நோயாளியின் குடலும் நீரை உறிஞ்சும். இது அதற்கு முன்பே மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டிருந்தது. மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கொல்கத்தாவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. அவர் 2022-ல் காலமானார். மறுவருடம் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. இன்று மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே, அது இந்த நாட்டில் வேர் பிடித்த இடம் அந்த முகாம்.

இப்போது நெசவாளரின் செம்புத் தண்ணீருக்கு வருவோம். அவருக்குக் குடல் நன்றாகத்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரும் உள்ளே போய்விடும். சிக்கல் அதற்குப் பிறகு. வியர்வையில் லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் போகிறது; ஆளுக்கு ஆள் இது மாறும். நீரையும் உப்பையும் சேர்த்து இழந்த உடம்புக்கு நீரை மட்டும் வேகமாகக் கொடுத்தால் இரத்தம் சற்றே நீர்த்துவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் இரத்தத்தின் அடர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் செல்கள், நீர் போதும் என்று எடுத்துக்கொண்டு தாகத்தை அடக்குகின்றன. சிறுநீரை அடக்கிவைக்கும் ஹார்மோனான வாசோபிரெசினையும் குறைக்கின்றன. சிறுநீரகம் கதவைத் திறந்துவிடுகிறது. இழந்த நீர் முழுதும் ஈடாவதற்கு முன்பே தாகமும் நிற்கிறது, நீரும் போய்விடுகிறது. கூடவே உப்பும் வந்தால் இரத்தம் நீர்க்காது. உள்ளே வந்த நீர் தங்கும்.

2016-ல் ரொனால்ட் மாகன் என்னும் உடலியலாளரின் குழு பிரிட்டனில் இதை நேராகவே அளந்தது. 72 ஆண்களுக்கு வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு பானம் ஒரு லிட்டர் கொடுத்து, அடுத்த 4 மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர் வெளியேறியது என்று பார்த்தார்கள். மொத்தம் 13 பானங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலும் பாலும் தண்ணீரைவிட நன்றாக உடம்பில் தங்கின. கோலாவும் தேநீரும் காபியும் தண்ணீரைவிட மேலுமில்லை, கீழுமில்லை. தேநீர் குடித்தால் உடம்பு வறண்டுவிடும் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பாலில் சோடியமும் பொட்டாசியமும் சர்க்கரையும் புரதமும் உண்டு. அது இரைப்பையிலிருந்து மெல்லத்தான் இறங்கும். மோர் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் பாலில் உள்ளவை நீர்த்த அளவில் மோரிலும் உண்டு. அதன்மேல் நாம் உப்பும் போடுகிறோம். நம் பாட்டிமார் போட்ட அந்தச் சிட்டிகை உப்புக்கு உடலியலில் நல்ல காரணம் இருக்கிறது.

கலர் ஏன் ஏமாற்றுகிறது? இனிப்பான சோடா வகைகளில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். நம் இரத்தத்தைவிட அது இரண்டு மடங்குக்கு மேல் அடர்ந்த கரைசல். குடலுக்குள் வந்ததும் அது முதலில் உடம்பிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. பிறகு சர்க்கரை உறிஞ்சப்பட்டு நீரும் திரும்பி வரும் என்றாலும், அவசரத்துக்கு அது உதவுவதில்லை. அதில் சோடியமும் மிகக் கொஞ்சம்தான். சர்க்கரைக் கணக்கு தனி. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். ஒரு சிறிய கலர் பாட்டிலிலேயே அது முடிந்துபோகும்.

வீட்டில் பானம் கலக்கிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு, நிறையத் தண்ணீர். மூன்றில் நாம் அதிகமாகத் தவறுவது இனிப்பில். ஸ்ரீராம நவமிக்குப் பானகம் கரைக்கும்போது நாக்கு கேட்கிற அளவுக்கு வெல்லம் போட்டால் அது சர்பத்தாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் வெல்லம் போதும். அதில் ஓர் எலுமிச்சம்பழச் சாறு, தட்டிய சுக்கு, ஏலக்காய், கால் தேக்கரண்டி உப்பு. முதல் வாய்க்குச் சப்பென்று இருக்கும். வெயிலில் நடந்துவிட்டு வந்து குடித்துப் பாருங்கள், அந்தக் குறை தெரியாது. வெல்லத்தில் உள்ளது பெரும்பாலும் சுக்ரோஸ்தான். குடற்சுவரில் இருக்கும் நொதி அதைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் வெட்டிக் கடத்திகளிடம் கொடுக்கிறது. வெல்லம் என்பதால் சர்க்கரை நோயாளி தாராளமாகக் குடிக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

நீர்மோருக்கு ஒரு பங்கு தயிரும் நாலு பங்கு தண்ணீருமாகக் கடைந்து, உப்பு, கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம் சேர்த்தால் போதும். இனிப்பு தேவையில்லாதவர்களுக்கு என் வாக்கு இதற்கே. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே நன்றாக வியர்த்தவர் இளநீரோடு உப்புள்ள எதையாவது சாப்பிட வேண்டும். சோடாக்கடையில் எலுமிச்சை உப்பு சோடா கேட்கிற பழக்கம் இனிப்பு சோடாவைவிட எவ்வளவோ மேல். நன்னாரி சர்பத் என்றால் கடைக்காரர் ஊற்றும் பாகில் பாதியும், அவர் சேர்க்காத உப்பில் ஒரு சிட்டிகையும்.

இவற்றையெல்லாம் விட வியப்பானது கூழ். ஆடி மாதத்தில் ஆரணியைச் சுற்றியுள்ள மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். படவேடு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளிகளில் கூட்டம் அலைமோதுகிறது. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைப்பது. இதில் இனிப்பே கிடையாதே, கூட்டுக் கடத்திக்குக் குளுக்கோஸ் எங்கிருந்து வரும்? மாவுச்சத்திலிருந்துதான். மாவுச்சத்தின் ஒரு மூலக்கூறு என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் கோர்த்த நீண்ட சங்கிலி. சவ்வூடு பரவல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. ஒரு சங்கிலியில் ஆயிரம் குளுக்கோஸ் இருந்தாலும் அதற்கு அது ஒன்றே. ஆகவே கலரைப் போலக் கூழ் உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுப்பதில்லை. நொதிகள் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வெட்ட, வெளிவரும் குளுக்கோஸ் உப்போடு சேர்ந்து அவ்வப்போதே உள்ளே போய்விடுகிறது. வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட நொய்க்கஞ்சி கொடுக்கும் வழக்கத்திலும் இதே நியாயம் இருக்கிறது. குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவு சேர்த்த ஓ.ஆர்.எஸ். காலராவில் நீரிழப்பைக் குறைத்தது என்று டாக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின.

கதையின் அடுத்த படி ஆரணிக்கு வடமேற்கே 40 கிலோமீட்டர் அளவில் நடந்தது. காய்ச்சி ஆறவைத்த மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகிப் படிகமாகி, சிறுகுடலின் நொதிகளுக்குப் பிடிகொடுக்காமல் பெருங்குடல்வரை போய்விடும். செரிமானத்துக்குத் தப்பும் மாவுச்சத்து என்று இதைச் சொல்லலாம். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற் செல்கள் அவற்றை எடுத்துக்கொள்ளும்போது சோடியத்தையும் எடுத்துக்கொள்கின்றன. வழக்கம்போலத் தண்ணீர் தொடர்கிறது. ஆக, சிறுகுடல் திணறும்போது பெருங்குடலையும் வேலைக்கு இழுக்கலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவும், மூன்றாம் பிரிவுக்கு 50 கிராம் செரிமானத்துக்குத் தப்பும் மக்காச்சோள மாவும் சேர்த்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கரைசல் குடித்தவர்களைவிட வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது, இழந்த நீரும் குறைவு. 2000-ல் வெளியான இந்த ஆய்வை உலகமே கவனித்தது.

அது கூழை வைத்து நடந்த ஆய்வல்ல. மக்காச்சோளத்திலிருந்து எடுத்த தனி வகை மாவு அது. கூழுக்கு மருந்து என்று பெயர் சூட்ட நான் இதைச் சொல்லவில்லை. முந்தின நாள் காய்ச்சி மறுநாள் உப்பும் மோரும் போட்டுக் குடிக்கும் உணவு ஏன் வெயிலில் உழைக்கிறவரைத் தாங்குகிறது என்பதற்கு வேலூர் ஆய்வகம் ஒரு வழியைக் காட்டியது என்றுதான் சொல்கிறேன். கூழும் மாவுச்சத்துதான், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவு பார்த்தே குடிக்க வேண்டும்.

உப்பிலும் எச்சரிக்கை உண்டு. நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் சாம்பாரிலும் ஊறுகாயிலும் அதைத் தாண்டிவிடுகிறோம். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு உப்புப் போட்ட பானம் தேவையில்லை, தண்ணீரே போதும். இரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உப்புப் பானம் வியர்வை சிந்துகிறவர்களுக்குத்தான்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் பானகமோ கூழோ வைத்துச் சோதிக்காதீர்கள். மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி உள்ள பொட்டலத்தையே கேளுங்கள். 2002-ல் திருத்தப்பட்ட அந்தச் சூத்திரத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடப் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு அதே அலமாரியில் நெடுநாள் விற்கப்பட்டன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், சூத்திரப்படி இல்லாத பானங்களில் அந்த மூன்று எழுத்துகளைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்த பிறகு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டருக்கு முழுப் பொட்டலத்தையும் போட வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலக்கினால் அளவு கெட்டுவிடும். கலந்ததை மூடி வைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மீந்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.